பல்லால் கேட்ட மேஸ்திரி

சுதந்திரம் வந்த புதிதில் மைசூரில் ஓடிய மோட்டார் வண்டிகளில் பல்லு மேஸ்திரி கடிக்காத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. அரண்மனைக் கொட்டகைக்குள் நின்றவற்றைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது. ஆகவே அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றபடி டாக்டர்களின் வண்டி, வக்கீல்களின் வண்டி, நஞ்சன்கூடு டாக்ஸி, சாமராஜநகர் லாரி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே ஒருவர் வைத்திருந்த கூரையில்லாத வண்டி, எல்லாவற்றையும் அவர் ஒரு முறையாவது கடித்திருந்தார்.

கடித்தார் என்பதை விளக்க வேண்டும். அவரிடம் முழங்கை நீளத்தில் ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தது. பிடி கொய்யாக் கட்டை. எஞ்சினை ஓடவிட்டு, இரும்பு நுனியை அதன்மேல் ஊன்றி, கட்டையைக் கடைவாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். எஞ்சினுக்குள் நடப்பது இரும்பு வழியாகக் கட்டைக்கும், கட்டை வழியாகப் பல்லுக்கும், பல் வழியாக மண்டைக்கும் போகுமாம். காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய கொட்டகையில் உட்கார்ந்துகொண்டே, மார்க்கெட்டுக்குள் பூக்காரிகள் யாரைத் திட்டுகிறார்கள், எதற்காகத் திட்டுகிறார்கள் என்று சொல்லக்கூடிய காது அது.

"அப்புறம் எதுக்கு மேஸ்திரி பல்லு?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"காதுக்கு ஊர்ச் சத்தமெல்லாம் கேக்குமுங்க மாஸ்டரு. பல்லுக்குக் கடிச்சது மட்டுந்தான் கேக்கும்" என்றார்.

கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று விசாரித்ததற்கு, "அது ரேஷன் கார்டுல பத்திரமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. வண்டியின் கோளாறை யாரும் வார்த்தையால் சொல்லக் கூடாது. சத்தத்தை வாயால் செய்து காட்ட வேண்டும். நான் முதன்முதலில் அங்கே போன அன்று எனக்கு முன்னால் ஒரு வக்கீல் நின்றிருந்தார். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. வண்டியின் போக்கு திருப்திகரமாக இல்லை என்று கன்னடத்தில் கோர்ட்டில் பேசுவதுபோல ஆரம்பித்தார். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாயல்லி மாடி தோர்ஸி, ஸ்வாமி."

வாயால் செய்து காட்டுங்கள் என்று அர்த்தம். வக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தார். தேங்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆவலோடு நின்றார்கள். வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டக்... டக்..." என்றார்.

"ஜோரு பேக்கு ஸ்வாமி, இன்னும் பலமா. மேடு ஏர்றப்போ எப்படி?"

"டக்கட டக்கட டக்கட டொய்ங்!"

"அந்த டொய்ங் இன்னொருக்கா."

மூன்று டொய்ங் வாங்கிக்கொண்ட பிறகுதான் மேஸ்திரி வண்டியின் மூடியைத் திறந்தார். கூலிக்காரர்களில் ஒருவன் டொய்ங் சொல்லிக்கொண்டே அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

என் வரிசை வந்தது. நான் அங்கே போக நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது மார்க்கெட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் மனைவி ரெஜினா நர்ஸ். தாய்மார்களின் நலனுக்காக ஊர்ப் பெரியவர்கள் சிலர் நடத்திய ஒரு சிறு சங்கத்தில் அவளுக்கு வேலை. வருணா, நரசீபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். நிலைமை சரியில்லை என்றால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்ப்பாள். ஒரு காப்பித் தோட்டக்காரர் தானமாகக் கொடுத்த பழைய நாலு சிலிண்டர் வண்டி அது. ரெஜினாவே ஓட்டுவாள். பெண் மோட்டார் ஓட்டுவதைப் பார்க்கக் கிராமங்களில் மாடு மேய்ப்பவர்கள் மாட்டை விட்டுவிட்டு வந்தார்கள்.

வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். அதன் பராமரிப்பு என் பொறுப்பு. அதற்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஓடிய மைல், ஊற்றிய பெட்ரோல், டயரின் காற்று, எல்லாம் அதில் ஏறும். முக்கியமாக, தினமும் காலை ஆறேகாலுக்கு எஞ்சினின் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவி, எண்ணெய் மேல்கோட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பேன். குறைந்தால் கோடு வரைக்கும் ஊற்றுவேன். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலாக இருந்த நாட்களில் போர்வையோடு போய்ப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வருணா மேட்டில் ஏறும்போது தட்ட ஆரம்பித்தது. உள்ளே யாரோ அடைபட்டுக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல. சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் மறுநாள் காலையே வண்டியை ஊரில் பெரிய ஒர்க்ஷாப் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்த ஃபோர்மன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, எஞ்சின் முழுவதையும் இறக்கிப் பிரிக்க வேண்டும், நாலு சிலிண்டரையும் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டும், சாமான்கள் பம்பாயிலிருந்து வர வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நோடி மாஸ்டரே, இதைப் பாருங்க. பொம்பளை கையில வண்டி குடுத்தா இப்படித்தான் ஆகும்னு நான் அப்பவே சொன்னேன். கல்லு முள்ளு பாக்காம ஓட்டி எஞ்சினை நாசம் பண்ணியாச்சு. சனிக்கிழமை கமிட்டி. முழு எஞ்சினும் பிரிக்கணும்னா வண்டியை வித்துடறது. உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாக்கட்டும்."

வீட்டில் வந்து சொன்னேன். ரெஜினா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

"வருணாவுக்கு அந்தப் பக்கம் இந்த மாசம் ஒம்போது பேருங்க. ரெண்டு பேருக்குக் குழந்தை தலை திரும்பாம இருக்கு. அவங்க வார்டுக்கு நடந்தா வருவாங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "நான்தான் கெடுத்துட்டேனோ?" என்றாள்.

அதனால்தான் புதன்கிழமை மதியம் வண்டியை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு பல்லு மேஸ்திரியிடம் வந்து சேர்ந்தோம்.

"வாயால செஞ்சு காட்டுங்க மாஸ்டரு."

நான் நோட்டைத் திறந்தேன். தட்டல் எப்போது, எந்த மேட்டில், எந்த வேகத்தில் என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தேன்.

"அது கணக்குங்க. சத்தம் எங்க?"

"டொக்" என்றேன்.

"இது வூட்டுக் கதவு. வேற?"

"டிக்?"

"இது கடியாரம். மாஸ்டரு, பள்ளிக்கொடத்துல பசங்க பேசாம இருக்காங்களேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது, உங்களப் பாத்துக் கத்துக்கிட்டிருக்காங்க."

தேங்காய்க் கூலிக்காரர்கள் சிரித்தார்கள். ரெஜினா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். முதலில் நிதானமாக, பிறகு மேடு ஏறும் வேகத்தில், பிறகு மேட்டுக்கு அப்பால் இறங்கும்போது தணிந்து. நாலாவது தட்டலில் மட்டும் ஒரு கனம். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் வண்டி என்றே நினைத்திருப்பேன்.

மேஸ்திரி கையிலிருந்த கொய்யாக் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "யம்மா, இத எங்க படிச்சீங்க?"

ரெஜினா பையிலிருந்து தன் குழலை எடுத்துக் காட்டினாள். தாயின் வயிற்றில் ஒரு முனையை வைத்து மறுமுனையில் காதை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழல். மேஸ்திரி கையைத் துணியில் மூன்று முறை துடைத்துக்கொண்டு அதை வாங்கி, இரு புறமும் பார்த்தார்.

"கடிக்கறது இல்லீங்களா?"

"கடிச்சா அந்தம்மா எழுந்து ஓடிடுவாங்க."

அதுவரை முகத்தில் சிரிப்பே காட்டாத மேஸ்திரி சிரித்துவிட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் ரெஜினாவிடம்தான். இரண்டு டாக்டர்கள் ஒரு நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசுவதுபோல இருந்தது. நான் நோயாளியின் சொந்தக்காரன்.

எஞ்சின் ஓடியது. மேஸ்திரி கட்டையைக் கவ்வினார். எஞ்சினின் தலையில் ஊன்றினார், இடுப்பில் ஊன்றினார், அடியில் ஊன்றினார். முகம் சுண்டைக்காய் வற்றலைக் கடித்ததுபோல ஆயிற்று. பிறகு வேறொரு சின்ன ஸ்குரு டிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சின் இரும்போடு சேர்த்துத் தொட்டார். தொட்டால் அந்தச் சிலிண்டரில் நெருப்பு விழாது. ஒன்றாவதைத் தொட்டார், எஞ்சின் நொண்டியது, தட்டல் அப்படியே இருந்தது. இரண்டு, மூன்று, அதே கதை. நாலாவதைத் தொட்டார். எஞ்சின் நொண்டியது, தட்டல் நின்றுபோயிற்று.

"நாலாவது" என்றாள் ரெஜினா.

"நாலாவதேதானுங்க. கடைசி வூடு."

அத்தோடு விடவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்து அங்குலம் அங்குலமாகச் சுற்றினார். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அடக்கி எதிர்க்கிற கனத்தைக் கையால் நிறுத்துப் பார்த்தார். "நாலும் மூச்சு நல்லாப் புடிக்குதுங்க. பிஸ்டன் பழசு, ஆனா கெடலை. நாலாவது தண்டோட அடி பேரிங் மட்டும் தேஞ்சு லொடலொடங்குது. முழுசாப் பிரிக்கச் சொன்னவரு காதால கேட்டிருப்பாரு."

"பிரிக்க வேண்டாமா?" என்றேன்.

அவர் ரெஜினாவைப் பார்த்தே பதில் சொன்னார். "வகுத்துவலின்னு வந்தவங்களுக்கு நீங்க உடனே கத்தி வெப்பீங்களா? அடித்தொட்டியக் கழட்டி, கீழ இருந்தே அந்த ஒரு பேரிங்கச் சொரண்டி ஒக்கார வெச்சுடலாமுங்க. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்."

ரெஜினா பெருமூச்சு விட்டாள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "ஏன் தேய்ந்தது?"

மேஸ்திரி அளவுக்கம்பியை உருவினார். நுனியில் மட்டும் பிசுக்கு. கீழ்க்கோட்டைக்கூட எண்ணெய் தொடவில்லை.

"இருக்கவே முடியாது" என்றேன். "இன்று காலை ஆறேகாலுக்கு மேல்கோடு வரைக்கும் இருந்தது. நோட்டில் இருக்கிறது." பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் எண்ணெய்க் கையோடு தொடாமல், குனிந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். இரண்டு வருடம். ஒவ்வொரு நாளும் ஆறேகால், ஒவ்வொரு நாளும் மேல்கோடு.

"வாசல்ல வெச்சுத்தான் பாப்பீங்களா மாஸ்டரு?" என்றார். வெகு நேரம் கழித்து என்னோடு பேசியது அதுதான்.

மறுநாள் காலை சரியாக ஆறேகாலுக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பழுது பார்க்க வந்த யாருடைய டாக்ஸியையோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ரெஜினா வண்டி இல்லாததால் விடியும் முன்பே பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போயிருந்தாள். பஸ் போகாத தூரத்துக்கு மாட்டு வண்டி. மேஸ்திரி டாக்ஸியை எங்கள் வண்டி நிற்கும் அதே இடத்தில், அதே பக்கம் முகம் வைத்து நிறுத்தினார்.

"வூட்டுல எலுமிச்சம்பழம் இருக்குதுங்களா?"

எடுத்து வந்து கொடுத்தேன். அதை டாக்ஸியின் படிப்பலகை மேல் வைத்துக் கையை எடுத்தார். பழம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெதுவாக முன்பக்கம் உருண்டு போய் மட்கார்டில் முட்டி நின்றது.

ஐந்து வருடமாகக் குடியிருந்த தெரு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். ஆனால் அதே சரிவில்தான் வண்டியும் முகம் தாழ்ந்து நிற்கிறது, அளவுக்கம்பி எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது, எண்ணெயெல்லாம் அந்தப் பக்கம் வந்து கூடிக்கொண்டு கம்பியில் உயர்ந்து தெரிகிறது என்பதை நான் ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக, ஒரு நாள் தவறாமல், ஒரு நிமிடம் தவறாமல், ஒரு மயிரிழை தவறாமல், தப்பாக அளந்திருக்கிறேன்.

"சமதரையில பாத்தா ஒரு செம்பு கொறைச்சலுங்க. முன்னால இருக்கற மூணு பேருக்கும் எப்படியோ பரிமாறியாச்சு. கடைசிப் பந்தியில ஒக்காந்தவனுக்குச் சாம்பாரு பத்தலை" என்றார் மேஸ்திரி. எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை புழுதியோடு திரும்பிய ரெஜினா, "இனிமே வண்டி கிடைச்சா கல்லுப் பாதையில மெதுவாத்தாங்க போகணும்" என்றாள். நான் எலுமிச்சம்பழத்தை அடுக்களைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டேன். நோட்டில் அன்றைய பக்கம் காலியாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் முதல் காலிப் பக்கம் அது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துத் தண்டில் தடவி, பேரிங்கைப் பொருத்தி, கழற்றி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி பொருத்தி. எத்தனை தடவை என்று எண்ணினேன். பதினேழு வரைக்கும் எண்ணினேன். அதன் பிறகும் செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விஷயம் கமிட்டிக்குத் தெரிய வேண்டாம் என்று அவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வாயைத் திறந்தேன். அடியிலிருந்து குரல் வந்தது.

"மாஸ்டரு, நீங்க என்ன சொல்லோணும்னு வந்தீங்களோ, அத எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க. நான் எஞ்சினு வேல மட்டுந்தான் பாக்கறது."

சனிக்கிழமை பத்து மணிக்கு, விஷயம் கேள்விப்பட்டுச் செயலாளரே கொட்டகைக்கு வந்துவிட்டார், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரோடு. ரெஜினா வெள்ளை உடையில் வந்து நின்றாள். மேஸ்திரி கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். தட்டல் இல்லை. தேங்காய்க் கூலிக்காரன்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஏனூ சத்தம் இல்லவல்லா!" என்று ஏமாற்றத்தோடு சொன்னான்.

செயலாளருக்கு மனசு ஆறவில்லை. "இன்னிக்கு சத்தம் இல்லை, சரி. அடுத்த மாசம்? எதனால வந்ததுன்னு தெரியாம வண்டியை எப்படி வச்சுக்கறது? மேஸ்திரி, நீ சொல்லு. இவங்க ஓட்டின லட்சணத்துலதானே பேரிங் போச்சு?"

மேஸ்திரி கொய்யாக் கட்டையை எடுத்து நிதானமாக வாயில் கவ்விக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்தார். வாயில் கட்டை இருக்கும்போது யாரும் பதில் சொல்ல முடியாது. செயலாளர் இரண்டு முறை கேட்டார். மேஸ்திரி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் அவர் அவ்வளவு நேரம் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "கல்லுப் பாதையில நான் கொஞ்சம் வேகமாத்தான் சார்..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லை சார்" என்றேன். "அவ இல்லை. நான்."

நோட்டைத் திறந்து காட்டினேன். தெருச் சரிவைச் சொன்னேன், கம்பி முன்பக்கம் இருப்பதைச் சொன்னேன், எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன். பெருக்கல் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லும் பையன்போல என் குரல் எனக்கே கேட்டது.

"கணக்கு வாத்தியார்!" என்றார் செயலாளர். கமிட்டிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "அப்போ வண்டி இருக்கட்டும். ஆனா இனிமே எண்ணெய் பாக்க வேற ஆளு போடணும்."

மேஸ்திரி வாயிலிருந்து கட்டையை எடுத்தார்.

"எதுக்குங்க வேற ஆளு? இவரே பாக்கட்டுமுங்க. தப்பா இருந்தாலும் ரெண்டு வருசம் ஒரு நாளு விடாமப் பாத்திருக்காரு. சரியாப் பாக்கறவன் ஊரெல்லாம் கெடைப்பான், வாரத்துக்கு ஒருக்காத்தான் பாப்பான்."

செயலாளர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது ரெஜினா ஓட்டினாள். பாதி வழி வந்திருப்போம். திடீரென்று, "கரெக்டா ஆறேகாலுக்கு!" என்றாள். "காய்ச்சல்ல போர்வையோட!" சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல், வண்டியைச் சாலை ஓரமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டு மறுபடி கிளப்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் பூசை முடிந்து வந்தபோது வாசலில் பல்லு மேஸ்திரி மண்வெட்டியோடு நின்றிருந்தார். பக்கத்தில் நாலு தட்டைக் கல். யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைத் திறக்காதவர், வெயிலில் எங்கள் வாசலைக் கொத்திக்கொண்டிருந்தார். நாலு சக்கரத்துக்கும் நாலு கல்லைப் பதித்து, ஒவ்வொரு கல்லின்மேலும் தட்டு நிறையத் தண்ணீர் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாத வரைக்கும் மண்ணை எடுத்தார், போட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் மேலே நீளமாகப் பலகை போட்டு அதன்மேலும் தட்டை வைத்துப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி இது?" என்று கேட்டாள் ரெஜினா.

"வண்டி நேரா நிக்கோணுமுங்க. அப்பத்தான் மாஸ்டரு நேரா நிப்பாரு."

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்துவிட்டார்.

திங்கட்கிழமை ரெஜினா வருணா பக்கம் கிளம்ப வேண்டிய நாள். காலை ஆறேகாலுக்கு அளவுக்கம்பியை உருவித் துடைத்து, செருகி, மறுபடி உருவினேன். எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எழுதுகிறவன் அல்ல நான். அந்த ஒரு அளவை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டேன்; வண்டி மேஸ்திரி வைத்த கற்களின்மேல் நின்றிருந்தது.